நூற்று அறுபத்தெட்டு வோல்ட்

முனீர்க்காவில் ஜூன் மாதம்
சுவரைத் தொட்டால் சுவர் திருப்பிச் சுடும்.
மூன்றாம் மாடி, ஒற்றை அறை.

நேரு பிளேஸில் ஐந்து கடை ஏறி இறங்கி
உதிரி உதிரியாய் வாங்கி
நானே பூட்டிய கம்ப்யூட்டர்.
வெறும் கேபினட்டை மடியில் வைத்து மெட்ரோவில் வந்தேன்.
ஸ்கேனரில் பார்த்த காவலர்
'உள்ளே ஒன்றுமில்லையே' என்றார்.
அன்று இல்லைதான்.

இன்று அதற்குள் ஒரு கரோல் பாக் கல்யாணம் இருக்கிறது.
நான்கு நாள் வீடியோ, முப்பது நிமிஷமாகச் சுருங்க வேண்டும்.
மதியம் சாப்பிட்டுவிட்டு ரெண்டரில் போடுவேன்.
மாப்பிள்ளை குதிரை ஏற ஒரு காலைத் தூக்குவார்,
எண்பத்தாறு சதவீதம்,
திரை கறுக்கும்.
மணி நாலு பத்து.

முதலில் குதிரையைச் சந்தேகித்தேன்.
அந்தக் காட்சியை வெட்டிவிட்டுப் போட்டேன்.
மணமகளின் அத்தை லட்டு கடிக்கும்போது போனது.
நாலு பத்து.

பிறகு சூட்டைச் சந்தேகித்தேன்.
பிராசஸர் தொண்ணூற்று நான்கு டிகிரி.
பக்கத்துத் தகட்டைக் கழற்றி மேஜை விசிறியை
முகத்துக்கு நேரே வைத்தேன். வெந்நீரை ஊதியது.
கூலரைப் பிரித்தால்
அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்
அப்படியே இருக்கிறது.
'உரித்த பின் பொருத்தவும்.'
பூட்டியவள் யார் என்று கேட்க அறையில் வேறு ஆளில்லை.
உரித்தேன். பேஸ்ட் பட்டாணி அளவு போதுமாம்,
கோபத்தில் கொண்டைக்கடலை அளவு வைத்தேன்.
எழுபத்தொன்றுக்கு இறங்கியது.
அன்று மாலை எனக்கு நானே மோமோ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் நாலு பத்து.

பவர் சப்ளையை மூக்கருகே வைத்தேன்,
கருகிய மீன் வாசம்.
கேபினட்டைத் தொட்டால் விரல்நுனியில் எறும்பு ஊர்கிறது.
எர்த் இல்லையென்றால் பிளக்கில் மூன்றாவது துளை எதற்கு என்றேன்.
'அழகுக்கு' என்றார் வீட்டுக்காரர் தோமர்.

விற்ற தன்வீரிடமே கொண்டு போனேன்.
ஸ்டிக்கரில் அறுநூறு வாட்.
உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்,
தேங்காய்க்காரர் மாதிரி.
'காலி டப்பா. இதையா நான் விற்றேன்?'
நல்லது எந்தக் கரண்ட்டிலும் ஓடுமாம்,
நாலாயிரத்து இருநூறு.
அந்தப் பணம் கல்யாண வீட்டிடம் இருக்கிறது.
அவர்கள் வீடியோ வந்ததும் தருவார்கள்.

கடன் வாங்கிய மல்டிமீட்டரைப் பிளக்கில் சொருகி
முள் நகர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.
இருநூற்றுப் பதினைந்து. இருநூற்றுப் பத்து.
நாலு எட்டுக்குப் படியில் செருப்புச் சத்தம்.
மேலே ஒரு பூட்டு திறந்தது.
தலைக்கு மேல் 'டக்'.
நூற்று அறுபத்தெட்டு.
மாப்பிள்ளையின் கால் அந்தரத்தில்.

மீட்டரோடு மேலே ஏறினேன்.
சண்டைக்கான இந்தியை
படிக்குப் படி சேர்த்துக்கொண்டு போனேன்.
கதவு திறந்ததும் குளிர் வந்து முகத்தில் மோதியது.
ஸோதான்புயி. ஆஸ்பத்திரி நர்ஸ்.
யூனிஃபார்மைக்கூட மாற்றாமல்
தரையில் படுத்திருந்தவள் எழுந்து வந்திருந்தாள்.
கன்னத்தில் பாயின் கோடுகள்.
மேலே மொட்டை மாடி மட்டும்தான்,
அவள் கூரையில் அப்பளம் பொரிக்கலாம்.
பழைய ஏசி லாரி போல் உறுமியது.

'மீட்டர் ரீடிங்கா?' என்றாள்.
'இல்லை' என்றேன்.
'அப்படியானால் உள்ளே வா, குளிர் வெளியே போகிறது.'

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
சேர்த்த இந்தியில் பாதி மறந்துபோனது.
மீதியில் கேட்டேன், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவாய்.

இப்போது ஐந்தரைக்கு அலாரம் வைப்பதில்லை.
அந்த 'டக்' நின்றாலே விழிப்பு வருகிறது.
செருப்பு என் வாசலைக் கடந்து இறங்கும்.
முள் இருநூற்று இருபதைத் தொடும்.
எறும்பு ஊரும் கேபினட்டை
ரப்பர் செருப்பில் நின்று தட்டி எழுப்புவேன்.

இன்று எட்டு மணிக்கு முன்பே
மாப்பிள்ளை குதிரை ஏறிவிட்டார்.
ஏறியபின்தான் தெரிகிறது,
தலைப்பாகை சரிந்திருக்கிறது.
இனி அதைச் சரிசெய்ய முடியாது.
போகட்டும்.